சக்கரத்தில் எலுமிச்சை மணம்

முப்பத்திரண்டு வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. தொழிற்சாலை வேலை அப்படியேதான் இருக்கிறது; பாயான் பாருவுக்கு அடுத்த தொழிற்பேட்டையில் இன்றும் இயந்திரங்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் விட்டது நடுவர் வேலையை. முதல் படிவத்திலிருந்து மூன்றாம் படிவம் வரை படிக்கும், பதின்மூன்று முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்காக ஜார்ஜ்டவுனில் நடக்கும் ரோபோ மல்யுத்தப் போட்டியில், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றவன் நான்.

போன மாதம், நான் இன்னும் விலகாமல் இருக்கும் நடுவர்களின் வாட்சாப் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஓர் இளம்பெண் கேட்டாள். “அண்ணே, இனிமே காகிதச் சோதனை கிடையாதாம்லா. மிஷின் வெச்சு டயர் ஒட்டுதான்னு பார்க்கப் போறாங்களாம். நீங்க பழைய ஆளு. அந்தக் காலத்துல எப்படிச் செஞ்சீங்கன்னு எழுதிக் கொடுங்களேன்.”

அந்தக் காலமாம். அவள் சொல்லும் அந்தக் காலத்தில் வாங்கிய வெள்ளைச் சட்டை இன்னும் கிழியவில்லை.

எழுதித்தான் கொடுக்கிறேன். ஆனால் காகிதத்தைப் பற்றி எழுதினால் சிவநேசனைப் பற்றியும் எழுத வேண்டிவரும். சிவநேசன் வந்துவிட்டால் என் பொறாமையும் பின்னாலேயே வந்துவிடும். அது இல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நானும் சிவநேசனும் ஒரே அடுக்குமாடியில் வளர்ந்தவர்கள். அவன் அப்பா பள்ளி ஆசிரியர். என் அப்பா லாரியில் சாமான் ஏற்றி இறக்குபவர். அம்மா தொழிற்சாலையில் தரை துடைத்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படிப்பை முடித்த முதல் ஆள் நான்தான். சிவநேசன் வீட்டு முன்னறையில், சன்னலோரத்தில், ஒரு மேசை இருந்தது. சாப்பிட இல்லை, துணி மடிக்க இல்லை. அவன் படிக்க மட்டும். அதன் மேல் வளைந்த கழுத்துள்ள ஒரு விளக்கு. அவன் கணக்குப் போட்டு முடித்ததும் அப்பா வந்து, தோளுக்கு மேலே குனிந்து, “இந்த வரியைப் பாரு” என்பார். அவனைக் கூப்பிடப் போகும் சாக்கில் வாசலில் நின்று அந்த மேசையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். எனக்கு சைக்கிள் மேல் ஆசை வந்ததில்லை. அவன் சட்டை மேலும் வந்ததில்லை. “இந்த வரியைப் பாரு” என்று சொல்ல வீட்டில் ஓர் ஆள் இருப்பதைப் பார்த்துத்தான் வயிறு எரிந்தது.

அவன் கெலுகோரில் பல்கலைக்கழகப் பட்டம் படித்து, பத்து காவான் தொழிற்பேட்டையில் பொறியாளர் ஆனான். நான் தொழில்நுட்பக் கல்லூரியில் சான்றிதழ் படித்து ஸ்பேனர் பிடித்தேன். எங்கள் பழைய பள்ளியில் ரோபோ அணிக்குப் பயிற்றுநர் வேண்டும் என்றபோது இருவருமே கை தூக்கினோம். பள்ளி அவனை எடுத்துக்கொண்டது. பயிற்றுநராக முடியாதவன் என்ன செய்வான்? நடுவர் ஆனேன்.

“பரவால்லடா முரளி,” என்றான் சிவநேசன். “நாங்க சண்டை போடுவோம், நீ விசில் ஊது.”

விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்கு விளையாட்டாக இறங்கவில்லை.

நடுவர் பயிற்சி என்று பெரிதாக எதுவும் இல்லை. விதிகளைப் படிக்கச் சொன்னார்கள், படித்தேன். முதல் வருடம் நாற்காலி அடுக்கினேன், இரண்டாம் வருடம் மேசைக்கு வந்தேன். மற்றதையெல்லாம் தலைமை நடுவர் புவான் ரோஹானாவின், அதாவது திருமதி ரோஹானாவின், பக்கத்தில் நின்றுதான் கற்றுக்கொண்டேன்.

புவான் ரோஹானா குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. தலையை மூடும் தூடோங் துணியின் ஓரத்தில், காதுக்கு மேலே ஒரு பென்சில் செருகியிருக்கும். கேள்வியை ஒரு முறைதான் கேட்பார். பதில் வரவில்லை என்றால் மலாயில் “சாயா துங்கு” என்பார், நான் காத்திருக்கிறேன் என்று. சொன்னபடியே காத்திருப்பார். தொலைபேசியைப் பார்க்க மாட்டார், கடிகாரத்தைப் பார்க்க மாட்டார், உட்காரவும் மாட்டார். அந்த மௌனத்தில் பயிற்றுநர்களுக்கே வியர்த்துவிடும். எங்களுக்கு அவர் வைத்திருந்த சட்டங்கள் சில. சோதனை மேசையில் நிற்பவர் எண்ணெய்ப் பலகாரம் தொடக் கூடாது. பிள்ளைகளின் ரோபோவை அவர்களே வைக்க வேண்டும், அவர்களே தூக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: முதலில் பார்த்ததைச் சொல், நினைத்ததைப் பிறகு சொல். “ஏமாற்று” என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. “விளக்கம் சொல்லுங்கள்” என்றுதான் கேட்பார்.

இப்போது காகிதம்.

ரோபோ மல்யுத்தம் என்றால் உள்ளங்கை அளவு ரோபோக்கள் இரண்டு, ஒரு கறுப்பு வட்டப் பலகையின் மேல். வட்டத்தின் ஓரத்தில் வெள்ளைக் கோடு. எந்த ரோபோ மற்றதை வெளியே தள்ளுகிறதோ அது வென்றது. தள்ளுவதற்கு டயரில் பிடிமானம் வேண்டும். அதனால் டயரில் பசை தடவும் ஆசை எல்லா ஊரிலும் உண்டு. அதைப் பிடிக்கத்தான் காகிதச் சோதனை. சாதாரண அலுவலகக் காகிதம் ஒன்றை மேசையில் வைப்போம். பிள்ளை தன் ரோபோவை அதன் மேல் வைக்கும். அழுத்தக் கூடாது. பிறகு நேராக மேலே தூக்கும். காகிதம் மேசையிலேயே கிடந்தால் சரி. டயரோடு ஒட்டிக்கொண்டு மேலே வந்தால் சரியில்லை. அழுக்கோ வியர்வையோ என்றால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி சோதிக்கலாம். வேண்டுமென்றே தடவிய பசை என்று முடிவானால் அந்தப் பள்ளியே வெளியே. அடுத்த ஆண்டும் வர முடியாது. காகிதத்தின் நுனி அசைந்தாலே போதும், சுற்றி நிற்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

நான் சொல்ல வந்த சனிக்கிழமை, ஜார்ஜ்டவுனில் ஒரு பள்ளி மண்டபம். வெல்லும் அணி கோலாலம்பூருக்கு, தேசிய அளவுக்குப் போகும். சிவநேசனின் அணியில் இரண்டு பேர். தாரணி மூன்றாம் படிவம்; அவளுக்கு இதுதான் கடைசி ஆண்டு, அடுத்த ஆண்டு வயது தாண்டிவிடும். கிஷன் முதல் படிவம். வாய் மூடாத பையன். பயிற்றுநர்கள் கயிற்றுக்குப் பின்னால் நிற்க வேண்டும். சோதனை மேசைக்குப் பிள்ளைகள் மட்டும்தான் வர முடியும். மேசையில் நான்.

தாரணி ரோபோவை வைத்தாள். தூக்கினாள். காகிதம் மேலே வந்தது.

நுனி மட்டும் இல்லை, முழுக் காகிதமும். கொடி மாதிரி தொங்கியது.

பக்கத்து மேசை நடுவர்கள் திரும்பினார்கள். வரிசையில் நின்ற வேறு பள்ளிப் பையன் ஒருவன் மலாயில் “காம்! காம்!” என்றான், பசை பசை என்று. நான் கையை உயர்த்தினேன். புவான் ரோஹானா வந்தார். ரோபோவையும் காகிதத்தையும் பார்த்தார், பிறகு தாரணியை.

“டயரில் என்ன இருக்கிறது? விளக்கம் சொல்லுங்கள்.”

கிஷன் வாயைத் திறந்தான். தாரணி அவன் காலை மிதித்தாள். அவன் மூடிக்கொண்டான்.

“சாயா துங்கு,” என்றார் புவான் ரோஹானா.

எனக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. காகிதம் மேலே வந்தபோதே ஒரு மணம் வந்தது. லிமாவ் கஸ்தூரி, நாம் மீ கோரெங் என்னும் வறுத்த நூடுல்ஸில் பிழிந்துகொள்ளும் சின்ன எலுமிச்சை. டயரின் ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள் சக்கை. ரோபோவின் பக்கவாட்டில், யாரோ அவசரமாகத் துடைத்தும் போகாத குங்குமச் சுவடு. புது வண்டி எடுத்தால் நாம் என்ன செய்வோம்? கோயில் வாசலில் நிறுத்தி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை வைத்து ஏற்றி நசுக்குவோம். இந்தப் பிள்ளைகள் ரோபோவுக்கு அதைச் செய்திருக்கிறார்கள். சாறு காய்ந்து பிசுபிசுத்திருக்கிறது. அந்த மண்டபத்தின் நடுவர்களில் இதைப் பார்த்ததும் புரிந்துகொள்ளக்கூடியவன் நான் ஒருவன்தான்.

கயிற்றுக்குப் பின்னாலிருந்து சிவநேசன் கத்தினான். “டேய் முரளி! என்னடா ஆச்சு? என்னடா பண்ற அங்க?”

அவனுக்கும் எதுவும் தெரியவில்லை என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

நடுவர் போட்டியாளருக்காகப் பேசக் கூடாது என்பது விதி. நான் சும்மா நின்றாலே போதும். விதி என் பக்கம். பள்ளி வெளியே போகும், அடுத்த ஆண்டும் வராது, சிவநேசன் அந்தக் கயிற்றுக்குப் பின்னால் நிற்கவே மாட்டான். என் பொறாமைக்கு அன்று யாரோ இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை மாட்டிவிட்டது போல் இருந்தது. இவ்வளவு சுத்தமாக அவன் தோற்பதைப் பார்க்க வாழ்க்கையில் இன்னொரு வாய்ப்பு வராது என்றும் எனக்குத் தெரிந்தது.

தாரணியைப் பார்த்தேன். கண் கலங்கவில்லை. தாடையை இறுக்கிக்கொண்டு, ஒரு டயரைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பசை தடவிய பிள்ளை இப்படி நிற்காது. சொல்ல வெட்கப்படும் பிள்ளைதான் இப்படி நிற்கும். நான் பள்ளியில் அப்படி நின்றிருக்கிறேன். அம்மா என்ன வேலை செய்கிறார் என்று வகுப்பில் எழுந்து சொல்லச் சொன்னபோது.

“புவான்,” என்றேன். “நான் பார்த்ததைச் சொல்லலாமா?”

“சொல்லுங்கள்.”

“லிமாவ் மணக்கிறது. டயரில் சக்கை இருக்கிறது.”

அவர் குனிந்து முகர்ந்தார். நிமிர்ந்தார். “ஆமாம். ஏன் லிமாவ்?”

“அது நான் நினைப்பது. பார்த்தது இல்லை. அவளிடம் தமிழில் கேட்க அனுமதி வேண்டும்.”

அவர் யோசித்தார். “கேளுங்கள். ஆனால் உங்கள் கேள்வி, அவள் பதில் இரண்டையும் ஒரு சொல் விடாமல் மலாயில் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.”

நான் தாரணியிடம் திரும்பினேன். “தங்கச்சி, கோயிலுக்குப் போனீங்களாம்மா?”

“சொல்ல மாட்டேன் சார்.”

“ஏம்மா?”

“சொன்னா சிரிப்பாங்க.”

மலாயில் சொன்னேன்: சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள் என்கிறாள். ‘காம்’ என்று கத்திய பையன் தன் சப்பாத்தைப் பார்த்தான்.

“சொல்லலைன்னா ஏமாத்துனீங்கன்னு ஆகிடும்மா. ஸ்கூலே வெளிய போயிடும்.”

“பரவால்ல சார். ஏமாத்துனோம்னு நெனச்சா பயப்படுவாங்க. இதச் சொன்னா வருஷம் பூரா லிமாவ் லிமாவ்னு கூப்பிடுவாங்க.”

அதையும் மலாயில் சொன்னேன்.

புவான் ரோஹானா காதிலிருந்து பென்சிலை எடுத்தார், எதுவும் எழுதாமல் கையில் வைத்துக்கொண்டார். “நான் சிரிக்கவில்லை,” என்றார். “காத்திருக்கிறேன்.”

அதற்கு மேல் கிஷனால் தாங்க முடியவில்லை. “அக்கா அம்மாதான் சார் வெச்சாங்க! காலைல கோயில்ல! ரோபோ சின்னதா, லிமாவ் நசுங்கவே இல்ல. அப்புறம் பாதியா வெட்டி வெச்சாங்க. அக்கா ரோபோவைக் கையால அமுக்குனாங்க. அப்பத்தான் ‘சர்ர்’னு வந்துச்சு!”

அந்த ‘சர்ர்’ரையும் மலாயில் சொன்னேன். ஒரு சொல் விடக் கூடாதே.

யாரும் சிரிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஒரு நடுவர் சிரித்தார். ஆனால் அது தாரணி பயந்த சிரிப்பு இல்லை.

அத்தோடு விட்டுவிட்டிருந்தால் அவர் புவான் ரோஹானா இல்லை. “விளக்கம் கிடைத்தது,” என்றார். “இனி அது உண்மையா என்று பார்க்க வேண்டும்.” கேண்டீனில் மீ விற்கும் மலாய்ப் பெரியம்மா, எல்லாரும் மாக்சிக் என்று கூப்பிடுபவர், அவரிடமிருந்து லிமாவ் வரவழைத்தார். தாரணியின் பெட்டியிலிருந்து மாற்று டயர்களை எடுக்கச் சொன்னார். அவளே லிமாவை வெட்டி, அவளே டயரை அதில் உருட்டினாள். மின்விசிறிக்கு முன்னால் வைத்துக் காயவிட்டோம். அதுவரை எல்லாச் சோதனையும் நின்றது. வேறு பள்ளிப் பிள்ளைகள் சுற்றி வந்து முகர்ந்து பார்த்தார்கள். மாக்சிக் கரண்டியோடு வாசலில் நின்று, “மீக்கு இல்லாமல் எதற்கு லிமாவ்?” என்று விசாரித்தார். காய்ந்ததும் டயர்களை மாட்டி, புதுக் காகிதத்தில் வைத்து, தாரணி தூக்கினாள்.

காகிதம் மேலே வந்தது. முதலில் வந்த மாதிரியே.

“சாறு. பசை இல்லை,” என்றார் புவான் ரோஹானா. “துடைத்துவிட்டு மறுபடி வரட்டும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீங்கள் இன்று இந்த அணியின் ஆட்டங்களில் நிற்க வேண்டாம். உங்களுக்கு அவர்கள் மொழி தெரியும், பயிற்றுநர் உங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். உங்கள் மேல் யாரும் சந்தேகப்படக் கூடாது.”

பாராட்டும் இல்லை, குறையும் இல்லை. சுவர் ஓரமாகப் போய் நின்றேன்.

துடைத்த டயரில் காகிதம் ஒட்டவில்லை. ரோபோ வட்டத்துக்குள் போனது. அன்று முழுக்க அது தள்ளிய தள்ளலை இன்றும் மறக்க முடியவில்லை. எதிராளி வேகமாக வந்தால் தாரணியின் ரோபோ ஒதுங்கும். எதிராளி வெள்ளைக் கோட்டில் தடுமாறும் நேரத்தில் பக்கவாட்டில் வந்து மெதுவாக, கிட்டத்தட்ட மரியாதையாக, வெளியே தள்ளும். அந்த ஒதுங்கலைச் சொல்லிக்கொடுத்தவன் சிவநேசன். இறுதி ஆட்டத்தில் வென்றதும் கிஷன் தரையில் உருண்டான். சிவநேசன் கயிற்றைத் தாண்டி ஓடிவந்தான். சுவர் ஓரத்தில் நான் கை தட்டினேன். உள்ளே எரிந்தது. அவனைக் காப்பாற்றிவிட்டும் எரிந்தது. சொல்லப்போனால், காப்பாற்றியதால்தான் கூடுதலாக எரிந்தது.

கோப்பை வாங்கியதும் சிவநேசன் தாரணியைத்தான் முதலில் திட்டினான். “யார் உங்கள இதெல்லாம் செய்யச் சொன்னது? சயன்ஸ் போட்டிக்கு வந்து எலுமிச்சையா? மானம் போயிருக்கும்லா!”

அவள் அம்மா மங்குச் சட்டியில் பொங்கலோடு வாசலிலேயே நின்றிருந்தார். தொழிற்சாலைச் சீருடை, வேலைக்கு இடையில் வந்திருக்கிறார். “புள்ளயத் திட்டாதீங்க தம்பி. நான்தான் வெச்சேன். புது வண்டிக்கு வெக்கிறோமில்ல? இதுவும் ஓடுற வண்டிதானே? இடிச்சுக்கிட்டு வேற ஓடுது.”

என்னால் அந்த அம்மாவை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. மகள் செய்தது என்ன, அது எப்படி நகர்கிறது, எதுவும் அவருக்குத் தெரியாது. ஆனாலும் காலையில் எழுந்து, கோயிலுக்குப் போய், நசுங்காத எலுமிச்சையை வெட்டியாவது நசுக்கியிருக்கிறார். என் அம்மா நான் படித்த எந்தப் பள்ளியின் உள்ளேயும் வந்ததில்லை. வாயிலில் விட்டுவிட்டு, “நீ போ, நான் வந்தா நல்லா இருக்காது” என்பார். எத்தனையோ வருடம் சிவநேசனைப் பார்த்துப் பட்ட பொறாமை அன்று இடம் மாறியது. பதினைந்து வயதுப் பிள்ளையைப் பார்த்து, அவள் ரோபோவின் மேலிருந்த குங்குமச் சுவட்டைப் பார்த்து, நடுவராகிய நான் பொறாமைப்பட்டுக்கொண்டு நின்றேன்.

சிவநேசன் வந்து கையைப் பிடித்தான். “தேங்ஸ்டா. நீ மட்டும் இல்லைன்னா...”

“பார்த்ததச் சொன்னேன். அவ்வளவுதான்,” என்றேன். அந்தக் கைகுலுக்கலில் எனக்கு ஒரு சுகமும் இல்லை.

அந்த ஆண்டோடு நடுவர் வேலையை விட்டேன். பாயான் பாருவில் ஒரு சின்னப் பள்ளி பயிற்றுநர் கேட்டது; பயிற்றுநராக இருப்பவர் நடுவராக இருக்க முடியாது. புவான் ரோஹானாவிடம் போய்ச் சொன்னேன். “கயிற்றுக்கு அந்தப் பக்கம் போகிறீர்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “அங்கே கையைக் கட்டிக்கொண்டு நிற்பது கடினம்,” என்றார். விடைபெறும் உரை அவ்வளவுதான்.

என் அணி முதன்முதலாகப் போட்டிக்குப் போன காலையில் அம்மா வழக்கத்துக்கு மாறாக வெளியே போகும் சேலையில் இருந்தார். தாரணி கதையை ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சொல்லியிருந்தேன். கேட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனவர்தான். இப்போது கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே லிமாவ் கஸ்தூரி.

“அந்த வண்டி எங்கடா? கீழ வை.”

“அம்மா, டயர் ஒட்டும்மா. சோதனைல மாட்டிக்குவோம்.”

“வெச்சுட்டுத் தொடச்சிக்கோ. துணியும் கொண்டாந்திருக்கேன்.”

வைத்தோம். வேனுக்காக எங்கள் வாசலில் கூடியிருந்த பிள்ளைகள் அமுக்கினார்கள். ஈரத்துணியால் சக்கரம் சக்கரமாகத் துடைத்தேன். அம்மா எங்கள் வேனில் ஏறி உட்கார்ந்தார். பள்ளி வாயிலில் இறங்கியவர் அங்கேயே நின்றுவிடுவார் என்று நினைத்தேன். உள்ளே வந்தார்.

சோதனையில் காகிதம் மேசையிலேயே கிடந்தது. முதல் சுற்றிலேயே சிவநேசனின் அணியிடம் தோற்றோம். அதே ஒதுங்கல், அதே மரியாதையான தள்ளல். கயிற்றுக்குப் பின்னால் அவன் எனக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தான். தோற்ற ரோபோவை என் பிள்ளைகள் கொண்டுவந்து என் கையில் கொடுத்ததும் அவன் மூக்கைச் சுருக்கினான்.

“என்னடா இது, லிமாவ் வாசனை?”

“தொடச்சிட்டோம்டா. காகிதம் வரலை.”

“பிள்ளைங்க அம்மாவா வெச்சாங்க?”

“எங்கம்மா.”

நான் காட்டிய பக்கம் திரும்பினான். பின்வரிசை நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் மீதி லிமாவ் பை. பக்கத்து இருக்கைக்காரரிடம், மகனுடைய வண்டி எது என்று விரலை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

“எங்க வீட்டுல இதெல்லாம் செஞ்சா சிரிப்பாங்கடா,” என்றான் சிவநேசன். கையில் அவன் அணியின் வெற்றிச் சீட்டு இருந்தது. அதைப் பார்க்காமல் என் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பார்வை எனக்குப் புதிது இல்லை. அவன் வீட்டு வாசலில் நின்று, சன்னலோரத்து மேசையை நான் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.